தெரு முனைக்கு வரும் பஸ்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கே ஒரு நோட்டில் கோடு போட்டு உட்கார்ந்துவிட்டேன். பெண்கள் கல்லூரியாகத்தான் இருக்க வேண்டும் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். சரி, இருக்கட்டும். அதில் எங்கெல்லாம் பிசிக்ஸ் இருக்கிறது, போன வருஷம் எந்த மார்க் வரைக்கும் சீட் கொடுத்தார்கள் என்று மூன்று நாள் தேடி எழுதினேன். வேலூரில் ஒரு கல்லூரி என் மார்க்குக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது.

அப்பா ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரி. ஒரு புடவை வாங்குவதற்குள் ஜரிகையைத் தேய்த்து, முந்தானையை வெயிலில் பிரித்து, நெய்தவரைப் பேஜார் பண்ணிவிடுவார். என் நோட்டில் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

"இதுல எந்தக் காலேஜ் பஸ்ஸும்மா நம்ம தெருவுக்கு வருது?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை மட்டும் நான் எழுதியிருக்கவில்லை.

வேலூரில் பிசிக்ஸ் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும். "தெனம் அவ்ளோ தூரம் பஸ்ல நின்னுகினு போவியா? பொம்பளப் புள்ள!" என்றே வெள்ளிக்கிழமையைக் கடத்திவிட்டார். அழுதேன். சாப்பிடாமல் கிடந்தேன். அம்மாவைத் தூது விட்டேன். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை.

போளூர் தாண்டி இருந்த ஒரு பெண்கள் கல்லூரியின் பஸ் எங்கள் தெரு முனைக்கு வரும். அங்கே பிசிக்ஸே கிடையாது. பி.சி.ஏ.வில் சேர்த்தார்கள். அட்மிஷன் மேஜையில் இருந்த மேடம் என் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ மார்க் வச்சிகினு ஏம்மா இங்க வந்த?" என்று கேட்டார். அப்பா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். வழியெல்லாம் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

தீபாவளி லீவு முடிந்ததும், ஏறுகிற பிள்ளைகள் போதவில்லை என்று எங்கள் பக்கம் வரும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் அப்பாவே என்னை ஸ்கூட்டரில் ஆரணி பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டார். போளூர் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாத்துப் போய்ட்டு வாம்மா" என்றார் ஜன்னலுக்கு வெளியிலிருந்து, ரொம்பச் சாதாரணமாக.

இதை ஜூன் மாசமே சொல்லியிருந்தால் என்னப்பா என்று கத்தலாம்போல இருந்தது. "சரிப்பா" என்றேன். பக்கத்தில் நின்ற வேலூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டெல்லாம் காலியாக இருந்தது.