மலைக்கு மேற்கே கொஞ்சம் வெயில்

அக்ஷயா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். பாதி தோசை அப்படியே இருந்தது.

"ஏங்க, நல்லா இல்லையா?" என்றான் பவன்.

"பொழுது போயிடுச்சு" என்று கை கழுவப் போனாள்.

ஓட்டலுக்கு வெளியே தெரு முழுக்க நிழல். மலையின் விளிம்பில் மட்டும் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பவன் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கியதைக் குழாய்க்கு மேலிருந்த கண்ணாடியில் அவள் பார்த்தாள்.

இருவரும் ஜைனர்கள். வெளியூர்க்காரர்கள் நினைப்பதுபோல் வடக்கேயிருந்து வந்தவர்கள் இல்லை. இந்தத் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே தலைமுறை தலைமுறையாக நெல்லும் மணிலாக் கடலையும் போட்டவர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை என்பது வீட்டு வழக்கம். அக்ஷயா மற்றதையெல்லாம் அத்தனை கறாராக வைத்துக்கொள்ளவில்லை. விமானப் பணிப்பெண்ணுக்கு முடியவும் முடியாது. கோழிப் பிரியாணி டப்பாக்களை வரிசை வரிசையாக எடுத்துக் கொடுத்த கை. இந்த ஒன்றை மட்டும் விடவில்லை. துபாய்க்குப் போகும் மாலை விமானத்தில் சூரியன் கூடவே வரும், இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அன்றைக்கு நிதானமாகச் சாப்பிடுவாள். கிழக்கே திரும்பும்போது பட்டினி. "ஓடு ஓடு, இன்னும் ஒரு வாய்க்கு வெளிச்சம் இருக்கு" என்று கூட வேலை செய்கிறவர்கள் ஜன்னலைப் பார்த்துக் கேலி பண்ணுவார்கள்.

வேலை நிமித்தம் அவள் இருப்பது டெல்லியில். முதல் நாள் இரவு அங்கிருந்து சென்னைக்கு வந்து இறங்கியிருந்தாள். அடுத்த விமானம் மறுநாள் பிற்பகல். நடுவில் கிடைத்த நேரம் ஓட்டல் அறையில் தூங்குவதற்கு. அவள் காலையில் கிளாம்பாக்கம் போய்ப் பஸ் ஏறிவிட்டாள். வீட்டில் சொல்லவில்லை.

வந்தவாசிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள்தான். ஆனாலும் திருவண்ணாமலை அவளுக்குப் புது ஊர். கோயில் அவர்களுடையது இல்லை; துணிமணி எடுக்கக் காஞ்சிபுரம் போவார்கள்; கலெக்டர் ஆபீசுக்கு அப்பா மட்டும் வருவார். இஸ்தான்புல்லின் சந்துகளில் தனியாகச் சுற்றியவள், சொந்த மாவட்டத்துத் தலைநகரத்தில் வழி கேட்டுக்கொண்டு நடந்தாள். எந்த இடத்துக்குப் போனாலும் வெளியேறும் வழி எங்கே என்று முதலில் பார்ப்பது தொழில் புத்தி. கோயில் மதிலைச் சுற்றி நாலு பக்கமும் கோபுரவாசல் இருப்பதைப் பார்த்ததும் மனதுக்குத் திருப்தியாக இருந்தது. ஆட்டோக்காரர் ஒருவர் விடாமல் பின்னாலேயே வந்தார்.

"கிரிவலம் போலாமா மேடம்? நடந்தா காலு வீங்கிடும். நான் சுத்திக் காட்டறேன், புண்ணியம் அதேதான்."

"புண்ணியம் உங்களுக்கா, எனக்கா?"

"பாதிப் பாதி வச்சுக்கலாம் மேடம்."

அவள் வந்தது பவனைப் பார்க்க. கலெக்டர் ஆபீசில் நில அளவைப் பிரிவில் வேலை; வீடு வேங்கிக்காலில். அவன் வீட்டார் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவள் அம்மா மறுநாள் பதில் சொல்லியாக வேண்டும். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்த அன்றைக்கு அவளுக்கு வேண்டிய ஒன்றைக் கேட்க முடியவில்லை: வேலையை விடச் சொல்வானா? முன்னால் வந்த இரண்டு வரன்களும் "பிரச்சனையே இல்ல" என்று சட்டென்று சொன்னவர்கள். ஒருவன் மறுவாரமே, கல்யாணத்துக்கு அப்புறம் எதுக்கு என்று ஆரம்பித்தான். இன்னொருவன் அதைத் தன் அக்காவை விட்டுச் சொல்ல வைத்தான்.

பஸ்ஸிலிருந்து போன் செய்தாள். பவன் பர்மிஷன் போட்டுவிட்டு வந்தான். ஓட்டலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியும் விஷயம் நாக்கு நுனியிலேயே நின்றது. தோசையும் வந்தது. பொழுதும் போய்விட்டது.

"மீதிய பார்சல் கட்டுங்க, கூட நாலு இட்லி வைங்க" என்றான் பவன் சர்வரிடம்.

"எனக்கு வேணாங்க. நாளைக்குத்தான் இனி."

"பொழுது இன்னும் போகல."

"எங்க இருக்கு?"

"மலைக்கு அந்தாண்ட."

அவள் ஊர் தட்டையான வயல்வெளி. சூரியன் கண்ணுக்கு மறைந்தால் அஸ்தமனம். குறுக்கே மலை ஒன்று நிற்கும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"இந்த வேங்கிக்காலுக்குக் குடி வந்த புதுசுல எங்கம்மாவும் இதேதான். மலை மறைச்சதும் அடுப்ப அணைச்சுடுவாங்க. நான் ஆபீஸ்லேர்ந்து வர்றதுக்குள்ள பாத்திரமெல்லாம் கவுந்திருக்கும். வீட்ல எல்லாரும் அரை வயிறு. காலண்டர்ல அஸ்தமன நேரம் போட்டிருக்குன்னு காட்டினேன். காலண்டர் அடிச்சவன் சிவகாசிக்காரன், அவனுக்கு நம்ம மலை தெரியுமான்னாங்க."

"அப்புறம்?"

"வண்டியில ஏத்திட்டு அந்தாண்ட கூட்டிட்டுப் போயி வெயிலக் காட்டினேன்."

வண்டி எடுக்குமுன் அவள் அவனுடைய ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்த்தாள். "இது லூசா இருக்கு."

"சீட் பெல்ட்டும் போடணுமா மேடம்?"

"இருந்தா போடத்தான் சொல்வேன்."

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டிக் கிரிவலப் பாதையில் திரும்பினார்கள். மலை மெல்ல வலப்பக்கம் நகர்ந்து கொடுத்தது. அடி அண்ணாமலைப் பக்கம் வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. அவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. விமானத்தில் சூரியனைத் துரத்தியிருக்கிறாள். பைக்கில் துரத்தியதில்லை.

பாதையோரக் கல் பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"நான் வேலைய விட மாட்டேன். உங்களுக்கு என்ன?"

பவன் எதிரே போன நாயைப் பார்த்தான். அவள் மெல்வதை நிறுத்தினாள்.

"கஷ்டமாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்" என்றான். "வீட்டுக்கு வந்தா நீங்க இருக்கணும்னு தோணும். அதுக்காக விடச் சொல்ல மாட்டேன். ஆனா எப்பவாவது மூஞ்சிய தூக்கி வச்சிருந்தா திட்டக் கூடாது."

"திட்டுவேன்."

"சரி. கம்மியா திட்டுங்க."

பிரச்சனையே இல்லை என்று அவன் சொல்லவில்லை. அவள் அடுத்த இட்லியை எடுத்தாள்.

அவனுடைய போன் அடித்தது. அம்மா சுனந்தா. ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்கடா இருக்க? சோறு ஆறுது. இன்னும் கொஞ்ச நேரத்துல பொழுது போயிடும்."

"அடி அண்ணாமலை பக்கம்மா. அக்ஷயா வந்திருக்காங்க."

அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு, "பொண்ணு சாப்ட்டாளா?"

"சாப்ட்டுட்டு இருக்கேன் அத்தை" என்றாள் அக்ஷயா. அத்தை என்று வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

"அங்க வெயில் இருக்கில்ல? மெதுவா சாப்டு. ஏம்மா, மாசத்துல எத்தனை நாள் வீட்ல இருப்ப?"

"பாதி நாள் இருப்பேன் அத்தை. சென்னைக்கு மாத்தல் கேட்டா இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி."

"இவன் அப்பா மாசம் முழுக்க வீட்லதான் இருந்தாரு. என்னத்த கண்டேன்? நீ பாதி நாள் வா, போதும். டேய், பொண்ண இருட்டறதுக்குள்ள பஸ் ஏத்தி விடு. நீ பட்டினிதான் இன்னிக்கு."

பவன் அவசரமாகக் கையை நீட்டினான். அவள் கடைசி இட்லியைக் கொடுத்தாள்.

மறுநாள் காலை அக்ஷயாவின் அம்மா வேங்கிக்காலுக்குப் போன் செய்து சம்மதம் என்றார். சுனந்தா எதுவும் தெரியாதவர்போல் கேட்டுக்கொண்டார். பவன் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு நிலத்தை அளக்கப் போனான். அக்ஷயா பிற்பகல் விமானத்தில் கொல்கத்தா போனாள். இருக்கைகள் நிறைந்திருந்தன. வழியில் ஆட்டம் அதிகமாக இருந்ததால் சிறிது நேரம் டீ கொடுப்பதை நிறுத்தி வைத்தார்கள். கொல்கத்தாவில் மழை. அறைக்குப் போனதும் சென்னைக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டுவிட்டுத் தூங்கினாள்.