ஷாலோமும் மீன்சட்டியும்

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தமிழ்ச் சபைக்கு வருகிறவர்கள் வணக்கம் சொல்வதில்லை, ஷாலோம் என்பார்கள். யூதத் தெருக் கடைகளில் அதே சொல்லைப் பலகையில் எழுதி விற்பதைப் பார்த்து, அது எங்கள் ஊர்ச் சொல் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். திருவிருந்துக்கு முன்னால், மனத்தாங்கல் உள்ளவர்கள் எழுந்துபோய்க் கைகொடுத்து ஷாலோம் சொல்லிக்கொள்ள வேண்டும். எனக்கு எட்டு வயதாயிருந்தபோது, இரண்டு ஞாயிறுகள் அம்மாவும் பெரியம்மாவும் அதை விரல்நுனியில் முடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தால் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே அடுக்களையில் நின்றுகொண்டு, "சோறு வெந்துட்டுன்னு உன் பெரியம்மாட்ட சொல்லு" என்பாள் அம்மா.

பெரியம்மா தக்கலையிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த மீன்சட்டி இரண்டாகப் பிளந்துபோனதுதான் காரணம். கடைசியாகக் கழுவியது யார் என்பதில் தொடங்கி எங்கெங்கோ போய்விட்டது. உண்மையில் உடைத்தவள் நான். அதற்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த நேந்திரங்காய் உப்பேரி டப்பாவுக்குக் கை நீட்டினேன், சட்டி விழுந்தது. துண்டுகளைப் பொருத்தி அலமாரியில் வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக இருந்துவிட்டேன்.

தனிவீடு பார்க்கலாம் என்று அம்மா அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது. பெரியம்மா இல்லாத வீட்டில் எனக்கு யார் தலை பின்னுவார்கள்?

ஞாயிறு பள்ளியில் பாடம் சொன்ன மலையாளத்துச் சேச்சியிடம் ஷாலோம் என்றால் என்ன என்று கேட்டேன்.

"சண்டை இல்லைன்னு மட்டும் இல்ல மோளே. உடைஞ்சது முழுசாகணும், அதான் ஷாலோம். விட்டுட்டு ஓடின சீஷன்மார்கிட்ட ஏசு தன் காயத்தக் காட்டித்தான் அதச் சொன்னார்."

காயத்தைப் பற்றிய பாதி என் மண்டையில் ஏறவில்லை. முழுசாக்குவது எனக்குத் தெரியும். அப்பா தோப்பும்படியில் படகு பழுதுபார்க்கிறவர். படகையே ஒட்டுகிற பசை வீட்டில் இருந்தது. பெரியம்மா தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருந்த துண்டுகளை எடுத்து, சனிக்கிழமை யாருக்கும் தெரியாமல் ஒட்டி, அலமாரியில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்த பெரியம்மா சட்டியைப் பார்த்தாள். குடம்புளி போட்டுச் சாளை மீன் குழம்பை அதிலேயே அடுப்பில் ஏற்றினாள். கொதி வந்ததும் வீடெல்லாம் பசை நாற்றம். அடுத்த நிமிடம் சட்டி இரண்டாகி, குழம்பு கொட்டி அடுப்பே அணைந்துவிட்டது. அம்மா ஓடி வந்தாள்.

"நீதானே ஒட்டி வச்சே? பாவம், சமாதானத்துக்கு வாராளேன்னு நெனச்சேன்" என்றாள் பெரியம்மா.

"நானா?" என்றாள் அம்மா.

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உப்பேரி உட்பட.

"ரெண்டு வாரமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?" என்றாள் பெரியம்மா. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பு பிதுங்கியது. எனக்கு ஆளுக்கொரு குட்டு கிடைத்தது.

"மிச்சம் நாலு சாளை இருக்கு, பொரிச்சிரலாம். நீ வெங்காயத்த அரி."

"அரியலாம்க்கா. கையக் காட்டுங்க, சுட்டிருக்கு."

பெரியம்மாவின் சிவந்த விரல்களை முழுக் கையாலும் பிடித்து, அம்மா குழாய்த் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றாள். சட்டியும் போய்விட்டது, இவர்கள் இன்னும் ஷாலோம் சொல்லவில்லையே என்று நான் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.