பாதிப் புத்தகம் படித்தவள்

இங்கிலீஷை நான் எடை போட்டு வாங்கினேன். கட்கி பஜாரில் பழைய பேப்பர் எடுக்கும் ரத்திக் கடையில், அட்டை போன புத்தகங்களைத் தராசில் வைத்துத்தான் கொடுப்பார்கள். கல்யாணமாகி வட ஆர்க்காட்டிலிருந்து பூனா வந்தபோது நான் எட்டாவது படித்தவள். எழுத்துக்கூட்டத் தெரியும், பொருள் தெரியாது. இந்தியும் மராத்தியும் கடைக்குப் போய்ப் போய்த் தானாகத் தொற்றிக்கொண்டன. இங்கிலீஷ் தொற்றுகிற வழியாக இல்லை. ஊரோடு போய்விட்ட ஒரு தமிழ்க் குடும்பம் எங்களிடம் விட்டுப்போன அகராதியை வைத்துக்கொண்டு, படித்தே தீருவது என்று உட்கார்ந்தேன்.

காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுப்பார். உலையை இறக்கிவிட்டு நான் புத்தகத்தை எடுப்பேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். தெரியாத சொல்லையெல்லாம் அகராதியில் பார்த்து, கரித்துண்டால் சுவரில் எழுதி வைப்பேன். அடுக்களைச் சுவரைப் பார்த்து அவர், "இன்னாமே, வீடா பள்ளிக்கூடமா?" என்று கேலி செய்வார். எனக்கு ரோஷம் வரும், மறுநாள் இன்னும் இரண்டு சொல் கூடுதலாக எழுதுவேன்.

அவருக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில், குண்டுக்குள் பொடி அடைக்கிற வேலை. சேர்ந்த கொஞ்ச நாளில் உள்ளங்கை மஞ்சளாயிற்று. பிறகு நகம், பிறகு தலையணை உறை. மஞ்சள் காமாலை என்று வரிசை வீட்டுப் பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் ரயில் பாதையோரம் தேடிக் கீழாநெல்லி பறித்துவந்து, அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தேன். உப்பு, புளி, எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்தினேன். மனிதர் இளைத்தாரே தவிர மஞ்சள் போகவில்லை.

அப்போது நான் படித்துக்கொண்டிருந்தது நர்ஸுகளுக்கான ஒரு பழைய புத்தகம். அதில் தொழிற்சாலை ஆட்களைப் பற்றி ஒரு பாடம் வந்தது. 'தோல்' எனக்குத் தெரியும். 'மஞ்சள்' தெரியும். மற்றதை ஒவ்வொன்றாகத் தேடிக் கோத்தேன். சில வகைப் பொடியைக் கையாளுகிறவர்களுக்குத் தோலில் சாயம் ஏறும், அது நோயல்ல. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெறும் சாயத்துக்கா மனிதரை உப்பில்லாமல் வாட்டினேன்? அன்றைக்குப் புளிக்குழம்பு வைத்து, எண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன்.

மறுநாள் அடுத்த பக்கம். கண்ணின் வெள்ளையும் மஞ்சளானால் அது சாயமல்ல, ஈரல் கெட்டுவிட்டது என்று பொருள், அதற்குப் பிறகு... அந்த இடத்தில் வந்த சொல்லுக்கு அகராதியே வேண்டியிருக்கவில்லை. சாவு. பக்கம் அதோடு முடிந்தது. திருப்பினால் தையல் நூல்தான் தொங்கியது. மீதிப் புத்தகம் இல்லை.

எல்லோருக்கும் அப்படி ஆகுமா, எத்தனை நாளில் ஆகும், தடுக்க வழி உண்டா? எல்லாம் அந்த இல்லாத பக்கத்தில் இருந்தது. ரத்திக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் நிமிராமலே, "வோ தோ புடியா பன் கயா, பாயி" என்றார். பொட்டலம் மடிக்கப் போய்விட்டதாம். ஸ்டேஷன் வாசலில் நிலக்கடலை விற்பவரிடம் போய் நின்றேன். ஒரு பொட்டலம் வாங்கிக் கடலையை முந்தானையில் கொட்டிவிட்டுத் தாளை விரித்தேன். யாரோ ஒருவருடைய பூகோளப் பாடம். இன்னொன்று வாங்கினேன். அது மராத்தி. ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். வெட்கப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. என் பக்கம் கிடைக்கவே இல்லை.

அன்று மாலை அவரிடம், "இந்தாங்க, அந்தப் புஸ்தகத்துல..." என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அங்க கை நடுங்கக் கூடாதுமே. நீ எதுனா படிச்சிட்டு வந்து சொல்லி, என் கை ஆடிச்சின்னா நான் மட்டுமா போவேன்? எனக்கு ஒண்ணியும் சொல்லாத."

சொல்லவில்லை. வேலியில் போன ஓணானை நானே எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன், அது என்னைத்தானே பிறாண்ட வேண்டும்? மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே வாசலில் அவரை நிறுத்தி, இமையில் தூசி என்பேன், பூச்சி என்பேன், ஏதாவது சொல்லிக் கண்ணைப் பார்ப்பேன். வெள்ளையாக இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கும். சாயங்கால வெயிலே மஞ்சள்தான். அந்த வெயிலில் எதைப் பார்த்தாலும் எனக்கு ஈரல்குலை நடுங்கும். பகலெல்லாம் புத்தகத்தைத் திறக்கவே பயமாக இருந்தது. ஆனாலும் திறந்தேன். வேறு புத்தகத்திலாவது அந்த மீதி இருக்காதா என்று, முன்னைவிட வெறியாகப் படித்தேன்.

ஒரு நாள் அவர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கைகூடக் கழுவாமல் வாசல் வெளிச்சத்தில் வந்து நின்றார். நான் தூசி என்று சொல்வதற்குள், மஞ்சள் விரலால் தன் கீழிமையைத் தானே இழுத்துப் பிடித்தார்.

"பாத்துச் சொல்லு."

கிட்டப் போய்ப் பார்த்தேன். இத்தனை நாளும் தெரிந்துதான் நின்றிருக்கிறார்.

"வெள்ளையாத்தான் இருக்கு."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"நீ படிச்சவ. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கை கழுவப் போனார். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார். நான் படித்தது பாதிப் புத்தகம்தான். அதை நம்பி மறுநாள் சங்கு ஊதியதும் சைக்கிளை எடுத்தார்.