கவிழ்த்து வைத்த கோப்பை

பினாங்கில் நான் அறை எடுத்திருக்கும் வீட்டில், கழுவிய பாத்திரத்தை யாரும் கவிழ்ப்பதில்லை. கோப்பைகள் வாயைத் திறந்தபடி, அடியில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு அலமாரியில் நிற்கும். ஊரில் இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம். எனக்குக் கை துறுதுறுக்கும். சங்கரன்கோவிலில் அம்மா புளி போட்டு விளக்கிய செம்புகளைப் புறவாசல் கல்லில் கவிழ்த்துவிட்டால், காலை வெயில் அவற்றின் முதுகில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பள்ளிக்கூடம் போகாமல் அதைக் கரியால் சுவரில் வரைவேன். "ஏலே, சாமி படம் வரைஞ்சாலும் கும்பிடலாம். கவுத்துன செம்பைப் போயி வரையுதியே!" என்பாள்.

இங்கே பகலெல்லாம் கடைப் பலகைகளுக்கு எழுத்து வரைகிறேன். சாயங்காலம் பேச ஆள் இல்லை. வீட்டுக்காரி லியான் ஒரு சீன மீனவரின் மனைவி. அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சீனமும் தெரியாது, மலாயும் தெரியாது. ஆனாலும் தினமும் ஒரு கோப்பைக் கஞ்சியை வாசலில் வைத்து, கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். எட்டு மாதத்தில் என் கதவை வேறு யாரும் தட்டியதில்லை.

அந்தக் கோப்பையின் அழகை என்ன சொல்ல! நீல வளையம், விளிம்பில் சின்ன உடைவு, அடிவட்டத்தில் மெருகு படாத வெள்ளை மண். கழுவி, பழைய பழக்கத்தில் ஜன்னலோரம் கவிழ்த்தேன். வெயில் வந்து உட்கார்ந்தது. ஒரு ஞாயிறு முழுக்க அதை வரைந்து, சட்டம் போட்டு, நன்றியாக லியானிடம் நீட்டினேன். அவள் முகம் வெளுத்தது. படத்தை என் கையிலேயே திணித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் கஞ்சி இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

எதிர்ச்சாரியில் துணிக்கடை வைத்திருக்கும் கடையநல்லூர் மைதீன் அண்ணாச்சியைக் கூட்டிவந்தேன். அவர் அவளிடம் மலாயில் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நல்ல காரியம் பண்ணுனலே! அவ மாப்பிள்ளை கடலுக்குப் போயி, வரவேண்டிய நாள் தாண்டி மூணு நாளாவுது. கோப்பை கவுந்தா தோணி கவுந்த மாதிரில்லா இவங்களுக்கு. நீ அதுக்குச் சட்டம் வேற போட்டுக் குடுத்திருக்க!"

"தெரியாமப் போச்சு அண்ணாச்சி. அழகா இருந்துச்சேன்னு..."

"அதை அவகிட்ட எந்தப் பாசையில சொல்லட்டும்?"

அன்றே அந்தப் படத்தின் மேல் வெள்ளை பூசி, கோப்பையை நிமிர்த்தி வரைந்து, அவள் வாசலில் சாத்தி வைத்தேன். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் காலை மாடிப்படியில் ஆண்குரல் கேட்டது, தோணி வந்துவிட்டது. சற்று நேரத்தில் என் கதவில் இரண்டு தட்டு.

கஞ்சியைக் குடித்து, கோப்பையைக் கழுவி நிமிர்த்தி வைத்தேன். பிறகு ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த, அம்மாவின் பெயர் வெட்டிய பித்தளைச் செம்பைக் கழுவினேன். கவிழ்க்கப் போன கை பாதியில் நின்றது. நிமிர்த்தி வைக்கவும் மனம் வரவில்லை. முழங்கை வழியே தண்ணீர் சொட்ட, செம்பைக் கையில் பிடித்தபடி ஜன்னலருகே வெகுநேரம் நின்றேன்.