திரும்பிப் படுத்த தூள்

பிள்ளைகளே, நான் அரியமங்கலத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். காந்தம் என்றால் எனக்கு இரும்பு, அவ்வளவுதான். என் மகளோ திருச்சியில் ஒரு கல்லூரியில் மூலக்கூறு காந்தங்களை ஆராய்கிறாள். அதில் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு குட்டிக் காந்தமாம்! எல்லாத் திசையும் அதற்கு ஒன்றல்ல. ஒரே கோட்டில் நிற்கத்தான் பிடிக்கும்; குறுக்கே திருப்பினால் முரண்டு பிடிக்கும். கடும் குளிரில் அந்தப் பிடிவாதம் இருந்தால்தான் காந்தமாக நிலைக்கும்.

ஸ்ரீரங்கத்து வீட்டில் அவள் இதைச் சொன்னபோது என் மனைவி சிரித்தாள்.

"நம்ம பெருமாள் தெக்கு பாத்துத்தான் படுத்திருக்காரு. உன் தூளுக்கும் அப்படி ஒரு திசை வேணுமாக்கும்?"

"ஆமாம்மா. அது இல்லன்னா என் தூள் வெறும் தூள்தான்."

மாதக்கணக்கில் கழுவிக் காயவைத்துச் சேர்த்த ஊதா நிறத் தூள் அது. வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்குப் போய், பெரிய காந்தத்துக்குள் வைத்து அளந்துவிட்டு வந்தாள். அளவைக் காட்டும் வரைபடத்தில் கோடு தாறுமாறாக எகிறியிருந்தது. தூளே தப்பு என்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. படுத்தாலும் புரண்டுகொண்டே இருந்தாள். எனக்கும் பட்டறையில் வேலை ஓடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனக்கு முன்னால் அதே ஆராய்ச்சி செய்த பெண்ணுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"தூளை மெழுகுல பதிச்சுத்தானே வெச்ச?"

"இல்லக்கா. இவ்ளோ சுத்தம் பண்ணிட்டு அதுல போய் மெழுகை ஊத்தவா? அப்படியே போட்டேன்."

"அடி மடிசஞ்சி! ரொம்பத்தான் சுத்தம் பாத்துட்ட. பிடிச்சு வைக்காட்டி சும்மா கிடக்குமா? காந்தம் இழுத்ததும் மொத்தமும் திரும்பிப் படுத்திருக்கும். அதான் கோடு எகிறியிருக்கு."

மகள் போனைக் கையில் வைத்தபடியே என் பக்கம் திரும்பினாள். "அப்பா! திரும்பியிருக்குன்னா, அதுக்குப் பிடிச்ச திசைன்னு ஒண்ணு இருக்குதானே?"

எனக்குப் புரியட்டும் என்று, என் பட்டறைச் சட்டைப்பையில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் தட்டிக் காகிதத்தில் போட்டாள். அடியில் காந்தத்தைக் காட்டினாள். தூள் எழுந்து வரிசை கட்டியது. இன்னொரு சிட்டிகைமேல் மெழுகுவத்தியைச் சொட்டவிட்டு, ஆறியதும் காந்தத்தைக் காட்டினாள். ஒன்றும் அசையவில்லை.

மிச்சமிருந்த ஊதாத் தூளை மெழுகில் பதித்து, அதே ஆய்வகத்துக்குப் போய் மறுபடி அளந்தாள். கோடு ஒழுங்காக வந்தது. பிடிவாதமும் இருந்தது. "நிக்குதுப்பா!" என்று அங்கிருந்தே போனில் கத்தினாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஊர் திரும்பிய மத்தியானம் வந்ததும் படுத்துவிட்டாள். ரசம் ஆறுகிறதே என்று எழுப்பப் போனேன். மனைவி கையைப் பிடித்தாள்.

"விடுங்க. இப்பத்தான் மெழுகுல பதிஞ்சிருக்கா."