ஓமந்தை வரை அவிழாத கட்டு

கிளிநொச்சியில் வாய்க்கால் கரையோரம் வயல் செய்த சிற்றம்பலத்தார் யானை வரும் காட்டோரக் காவல் குடிலில் தனியே படுப்பார். ஆனால் பண்டிகைக் காலத்து ரயில் என்றால் வீட்டில் இருக்கும்போதே அவருக்கு வியர்க்கும்.

எழுபத்தொன்பதாம் ஆண்டுத் தீபாவளிக்கு முதல் நாள் அவர் ரயில் ஏறத்தான் வேண்டியிருந்தது. அந்த ஆவணியில்தான் மகள் சிவனேஸ்வரியைப் புளியங்குளத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டில் நடந்த விருந்தில் சம்பந்தி வடிவம்மா, "பொம்பிளை வீட்டார் கை வீசிக்கொண்டெல்லோ வந்திருக்கினம்" என்று யாருக்கோ சொன்னது இவர் காதில் விழுந்துவிட்டது. சாப்பிடாமல் எழுந்தவர் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. மகள் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில், "அப்பா வராட்டில் நான் தீபாவளிக்குப் புதுச்சீலை உடுக்கமாட்டன்" என்று சொல்லியனுப்பினாள்.

கல்லும் உருகும் வார்த்தை அது. சிற்றம்பலத்தார் மாட்டுக்கொட்டிலில் போய் இருந்து பின்னேரம் முழுவதும் அழுதார். மாடுகள் ஒன்றும் சொல்லவில்லை.

மகளுக்குப் பட்டுச்சேலை, மருமகனுக்கு வேட்டி, ஒரு தகரம் நிறையப் பயற்றம் பணியாரம், எல்லாம் ஒரு சாக்குப் பொதியாயின. இம்முறை வெறுங்கையோடு போவதாக இல்லை. பக்கத்து வீட்டுப் பரமலிங்கம் புத்தி சொல்ல வந்தார். போன பொங்கலுக்கு ரயிலில் பெட்டியைப் பறிகொடுத்தவர் அவர்.

"ஆர் என்ன தந்தாலும் வாயிலை வையாதை. எனக்கு மயக்க மருந்து தந்துதான் பெட்டியை எடுத்தவங்கள்."

"உங்களுக்கு ஏன் அண்ணை மருந்து? ஏறின உடனை குறட்டை விடுவியளே" என்றாள் சிற்றம்பலத்தாரின் மனைவி கமலாசனி.

கணவனும் மனைவியும் ஏறிய ரயிலில் மூச்சுவிட இடமில்லை. சிற்றம்பலத்தார் பொதியைத் தலைக்கு மேலிருந்த தட்டில் வைத்து, தும்புக்கயிற்றால் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். நெல்மூடை ஏற்றிய வண்டிலில் போடுகிற கட்டு. வண்டில் குலுங்கக் குலுங்க இறுகும். எதிரே இருந்த அப்புத்துரை, புளியங்குளத்துக்கு அடுத்த ஓமந்தைக்குப் போகிறவர். கச்சான் கடலைச் சரையை நீட்டினார்.

"இந்தாங்கோ அண்ணை."

"வேண்டாம். பல்லு நோகுது."

அப்புத்துரை மேலே பார்த்தார். "பொதியைக் கட்டினீங்களோ, ரயிலைக் கட்டினீங்களோ?"

"எந்தக் கள்ளனும் அவிழ்க்கான்" என்றார் இவர் பெருமையாக.

புளியங்குளம் வரை ரயில் மிக நன்றாகக் குலுங்கியது.

"நீ முதல் இறங்கு. நான் பொதியோடை வாறன்" என்று கமலாசனியை அனுப்பிவிட்டுக் கட்டை அவிழ்க்கப் போனார். கட்டு கல்லாகியிருந்தது. அப்புத்துரை பொதியைப் பிடித்து இழுத்தார். இன்னும் இரண்டுபேர் தொங்கினார்கள்.

"ஆரிட்டையும் கத்தி இருக்கோ?"

"கோயிலுக்கும் கொண்டாட்டத்துக்கும் போற சனம் கத்தியோடையே அண்ணை வரும்?"

மேடையில் சிவனேஸ்வரி நின்றாள். பக்கத்தில் வடிவம்மா. "அப்பா, அதை விட்டிட்டு இறங்குங்கோ" என்று மகள் கதறினாள். பொதியை விட்டால் மறுபடியும் வெறுங்கை. அவர் தயங்கிய நேரத்தில் ரயில் நகர்ந்துவிட்டது. மகளின் முகம் பின்னால் போவதைக் கண்டதும் சேலை, பணியாரம், ரோசம் எல்லாம் மறந்து வாசலுக்குப் பாய்ந்தார். ஒரு கால் மிதிபலகையில். அப்புத்துரை அவர் சால்வையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது மேடையிலிருந்து ஒரு குரல் ரயிலின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வடிவம்மாவின் குரல்.

"சம்பந்தி, குதியாதேங்கோ. வெறுங்கையோடை வந்தாலும் போதும், முழுசா வாங்கோ. சோறு மூடி வைக்கிறன்."

சிற்றம்பலத்தார் காலை உள்ளே இழுத்து, சனத்தின் நடுவே குந்தியிருந்து விம்மினார்.

"அழாதேங்கோ. வண்டிலிலை இந்தக் கட்டை எப்பிடி அவிழ்க்கிறனீங்கள்?" என்றார் அப்புத்துரை.

"நான்தான் அவிழ்ப்பன். மனிசி மூடைக்குக் கீழை தோளைக் குடுத்து..."

சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. பாரத்தைத் தூக்கிக் கொடுத்தால்தான் கயிறு தளரும். இத்தனை பேரும் கீழே இழுத்து அதை இறுக்கியிருக்கிறார்கள். தூக்குகிறவளை அவரே முதலில் இறக்கிவிட்டார். இத்தனை வருடமாக அவிழ்த்தது தான்தான் என்று நினைத்திருந்த மனிதர்.

அப்புத்துரை தோள் கொடுத்தார். கட்டு அவிழ்ந்து விழுந்தது. சிற்றம்பலத்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"அந்தக் கச்சானைத் தாங்கோ."

"பல்லு?"

"மாறிட்டுது."

ஓமந்தையில் இறங்கி பஸ்சில் திரும்பியவரை வாசல் படலையில் கண்டதும் வடிவம்மா உள்ளே பார்த்துச் சொன்னாள்: "பிள்ளை, கொப்பர் ஓமந்தையையும் பாத்திட்டு வந்திட்டார். இலையைப் போடு." அவர் பொதியை நீட்டினார். அவள் அதை வாங்கி, பிரிக்காமலே ஒரு பக்கமாக வைத்துவிட்டு, கை கழுவத் தண்ணீர் கொடுத்தாள். அன்று சாப்பிடாமல் எழுந்த வீட்டில் மூன்று முறை சோறு கேட்டுச் சாப்பிட்டார்.

மறுநாள் மகள் பட்டுச்சேலை உடுத்திக் காலில் விழுந்தபோது அவர் அழுததைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பும் ரயிலில் சம்பந்தி தந்த தேன் போத்தல்கள் பொதியில் இருந்தன. சிற்றம்பலத்தார் பழையபடி அதே கட்டைப் போட்டார். கிளிநொச்சி நெருங்கியதும் கமலாசனி எழுந்தாள்.

"நான் முதல் இறங்கட்டோ?"

"நீ இறங்கினால் நான் பாதை முடியிற காங்கேசன்துறையிலைதான் நிப்பன். தோளைக் குடு."