கவர் லூர்து என்ற பெயரைப் பற்றி

லூர்து அக்கா இறந்த செய்தி நம் உழவர் குழுவின் வாட்ஸ்அப்பில் காலையில் வந்தது. "நம்ம கவர் லூர்து போயிட்டாங்க. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே." அதன் கீழே ஒருவர் பின் ஒருவராகக் கைகூப்பும் படம் போட்டார்கள். நான் அலுவலகத்துக்கு வரப் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். நானும் அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். ஆனால் அந்தப் பெயருக்குக் கீழே அதைப் போட விரல் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். முப்பதாம் நாள் கூட்டத்தில் யாராவது இதைப் படித்துவிடுங்கள்.

குழுவுக்குச் சின்ன டிராக்டர் வந்தபோது, ஓட்டக் கற்றுக்கொள்ள யார் வருகிறீர்கள் என்று கேட்டார்களாம். லூர்து அக்கா ஒருவர்தான் கை தூக்கினார். பட்டம் வாங்கி நான் அலுவலக வேலைக்குச் சேர்ந்தபோது அவர் இரண்டு வருடம் ஓட்டியிருந்தார். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. ஸ்பேனரை யாருக்கும் இரவல் தரமாட்டார். கேட்டவரிடம் "எந்த நட்டுன்னு சொல்லுங்க, நானே வந்து கழட்டறேன்" என்பார். எந்த நாளில் யார் நிலம் என்று எழுதி வைப்பதும், காலையில் கேனிலிருந்து துணியில் வடிகட்டி டேங்கில் டீசல் ஊற்றுவதும் என் வேலை.

சேர்ந்த முதல் வாரத்தில் டிராக்டர் வெள்ளைப் புகை விட்டு, இழுக்க முடியாமல் திணறியது. அக்கா ஃபில்டரின் அடியில் இருந்த திருகைத் தளர்த்தி, வந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தார். அதைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது பாட்டிலின் அடியில் ஒரு விரல் அளவுக்கு நிறமில்லாமல் தனியாக நின்றது. "இது தண்ணி கண்ணு. கலக்கிப் பாத்தா தெரியாது. சும்மா வுட்டா அதுவே கீழ போய் உக்காந்துக்கும்" என்றார். மழையில் வெளியே நிற்கும் வண்டி என்பதால் டேங்க் மூடி வழியாக இறங்கியிருக்கலாம் என்றும் சொன்னார். அதை நான் நன்றாக மனதில் வாங்கிக்கொண்டேன். பாதியைத்தான் வாங்கிக்கொண்டேன் என்பது பிறகு தெரிந்தது.

வரப்பில் நிற்பவர்கள் அவரைச் சும்மா விட்டதில்லை. ஒருமுறை ஒருவர், "பொம்பள ஓட்டுனா வண்டி சேலை கட்டிக்கிட்டுத்தான் நடக்கும்போல" என்றார். அக்கா இறங்கவே இல்லை. "வண்டிக்கு ஆம்பள பொம்பள தெரியாதுங்க மாமா. டீசல் வந்தா ஓடும், வரலன்னா நிக்கும். உங்களுக்குத்தான் சோறு வந்தாலும் வேலை ஓடமாட்டேங்குது" என்றார். அவர் மனைவிதான் முதலில் சிரித்தது.

அந்த வருட ஆடி மழை உங்களுக்கு நினைவிருக்கும். ஈரம் காய்வதற்குள் நிலக்கடலை போட வேண்டும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டி கேட்டீர்கள். அப்போதுதான் டிராக்டர் நிற்க ஆரம்பித்தது. அரை மணி நேரம் நன்றாக ஓடும், பிறகு சத்தம் தேய்ந்து அணைந்துவிடும். முதல் நாள் அக்கா டேங்கைத் திறந்து டீசல் இருப்பதைப் பார்த்துவிட்டு, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தார். ஓடியது. மறுபடி நின்றது. மறுநாளும் டேங்கைத் திறந்து பார்த்துவிட்டு, ஃபில்டரை மாற்றினார். ஓடியது. மறுபடி நின்றது. மூன்றாம் நாள் தலைவி ராஜேஸ்வரி அக்காவின் நிலத்தில், பாதி உழவுச் சாலில் நின்றுவிட்டது.

அரூரிலிருந்து மெக்கானிக் வந்திருந்தார். டீசல் பம்பைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும், நான்கு நாள் ஆகும் என்றார். ராஜேஸ்வரி அக்கா வரப்பில் நின்றபடி, "ஏம்மா லூர்து, என்னாலயும் இவங்களுக்குப் பதில் சொல்ல முடியல. பம்பக் கழட்டுனா திங்கக்கிழமையில இருந்து வேற டிரைவர்தான்" என்றார். இருபது பேராவது நின்றிருப்போம்.

லூர்து அக்கா டேங்க் மூடியின் மேல் கை வைத்தார். பிறகு மெக்கானிக்கிடம், "தம்பி, ஒரு நிமிசம். ரெண்டு தடவையும் ஏர் எடுத்ததால ஓடுச்சு, ஃபில்டரு மாத்துனதால ஓடுச்சுன்னு நெனச்சேன். ஆனா ரெண்டு தடவையும் அதுக்கு முன்னாடி மூடியத் தொறந்து பாத்தேன். இப்ப வேற எதையும் தொடாம மூடிய மட்டும் தொறக்கறேன்" என்றார். எங்களை எல்லாம் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, காதை அருகே வைத்து மூடியைத் திருகினார். உஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. மூடியை லேசாக வைத்துவிட்டு சாவியைத் திருப்பினார். இரண்டு முறை இருமிவிட்டு வண்டி ஓடியது.

மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளே, வாஷருக்கு அடியில், வட்டமாக வெட்டிய பாலிதீன் கவர் ஒட்டியிருந்தது. மூடியில் காற்று வரும் சின்ன ஓட்டையை அது அடைத்துவிட்டிருந்தது. அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "நாந்தான் போட்டேன். தண்ணி எறங்காம இருக்கட்டும்னு. மறந்தே போச்சு" என்றார்.

மெக்கானிக் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார். "ஏனுங்க கவர் டிரைவரு" என்று அன்றே பெயர் வைத்தார். ராஜேஸ்வரி அக்கா, "இன்னும் ஒரு வாரம் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னார். அந்த வாரம் முழுக்க வண்டி நிற்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அந்தப் பாலிதீனைப் போட்டது லூர்து அக்கா இல்லை. நான். அந்தப் பாட்டிலைப் பார்த்த பயத்தில், மழைக்கு முந்தின நாள் டீசல் ஊற்றும்போது, அரிசிக் கவரைக் கத்தரித்து வைத்தேன். உதவி செய்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் அவர் பின்னாலேயே போய், "ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க? உங்கள வேலைய விட்டுத் தூக்கியிருந்தா?" என்று கேட்டேன். கையைச் சோப்புத் தூளில் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "என்னத் தூக்குனா நான் களை வெட்டப் போவேன். உன்னத் தூக்குனா நீ வூட்டுக்குள்ள போயிருவ. அப்புறம் வெளிய வரமாட்ட." எங்கள் வீட்டில் முதன்முதலாக வேலைக்கு வந்த பெண் நான் என்பதும், அப்பா ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்ததும் அவருக்கு எப்படித் தெரியும் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

பிறகு மூடியைக் காட்டி விளக்கினார். "டீசல் வெளிய போவணும்னா அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரணும் கண்ணு. எல்லாத்தையும் அடைச்சு வச்சா நல்லதுன்னு நெனைக்காத." நான் எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். "சொல்லு. உனக்கு வாய் வர்றப்ப சொல்லு. அவசரமில்ல" என்றார்.

அவசரமில்லை என்ற அந்தச் சொல்லில் ஆறு வருடம் வசதியாக ஒளிந்துகொண்டேன். நீங்கள் 'கவர் லூர்து' என்று கூப்பிட்டபோதெல்லாம் அவர் சிரித்தபடி திரும்பினார். ஒரு தடவைகூட என் பக்கம் பார்க்கவில்லை.

இப்போது காலையில் டீசல் ஊற்றியதும் மூடியைத் திருப்பி, அந்த ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். மறுபக்கம் வானம் ஒரு புள்ளியாகத் தெரிந்தால்தான் மூடுகிறேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்தப் பழக்கம்தான். அந்தப் பெயர் அவருடையதில்லை. அதை இனி என்னிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கிறேன்.